பனி மலைக்கு காரில் போறீங்களா? கிளம்புறதுக்கு முன்னாடி வண்டியை இப்படித் தயார் பண்ணுங்க!

டிசம்பர் பிறந்துட்டாலே ரீல்ஸ் முழுக்க ஒரே சீன்தான். அடல் டனலின் மஞ்சள் வெளிச்சத்தில் ஒரு கார் போய்க்கிட்டே இருக்கும். டனல் முடியும். திடீர்னு திரை முழுக்க வெள்ளை. பின்னணியில் ஒரு மெலடி. 'நாமளும் நம்ம கார்லயே போனா என்ன?' என்று தோன்றுவது அந்த நொடியில்தான்.

போகலாம், தப்பே இல்லை. சென்னையிலிருந்து மணாலி சுமார் 2,700 கிலோமீட்டர். சண்டிகரிலோ டெல்லியிலோ வேலை பார்க்கிறவர்களுக்கு ஒருநாள் டிரைவ். ரோடும் முன்னைவிட ரொம்பவே நல்லா இருக்கு. ஆனா, ரீல்ஸில் வராத ஒரு விஷயம் இருக்கு. நம்ம கார் வெயிலுக்குப் பழகிய கார். அதில் இருக்கிற டயர், கூலன்ட், டீசல், பேட்டரி எல்லாமே 35 டிகிரியை மனசில் வெச்சுப் பார்த்துக்கிட்டவை. மைனஸ் 10 டிகிரியில் ஒவ்வொன்றும் வேறமாதிரி நடந்துக்கும்.

இன்னொரு விஷயம். பனியில் வண்டியைக் கிளப்புவது பெரிய வேலை இல்லை, நிறுத்துவதுதான் பெரிய வேலை. இந்தக் கட்டுரையில் உள்ள பாதி விஷயங்கள் அதைச் சுற்றியேதான் இருக்கும்.

முதலில் ரூட்டைப் புரிஞ்சுக்கலாம்

இந்தியாவில் குளிர்காலத்தில் கார் ஓட்டிப் பனியைப் பார்க்க அதிகம் பேர் போகும் ரூட், ஹிமாச்சலப் பிரதேசத்தின் மணாலி - சோலாங் - அடல் டனல் - சிஸ்ஸு. மணாலி சுமார் 2,050 மீட்டர் உயரத்தில் இருக்கு. டனல் இருப்பது 3,000 மீட்டருக்கு மேலே. 9.02 கிலோமீட்டர் நீளமுள்ள இந்த டனல் 2020 அக்டோபர் 3-ம் தேதி திறக்கப்பட்டது. அதுவரைக்கும் குளிர்காலத்தில் 3,978 மீட்டர் உயர ரோதாங் கணவாய் மூடிவிட்டால், அந்தப் பக்கம் இருக்கும் லாஹௌல் பள்ளத்தாக்கு மாதக்கணக்கில் துண்டிக்கப்பட்டுக் கிடக்கும். இப்போது டனல் இருப்பதால், ஜனவரியிலும் நம்ம ஸ்விஃப்ட் அங்கே போக முடியுது.

அதனாலேயேதான் சிக்கலும். 2024 டிசம்பரில் கிறிஸ்துமஸுக்கு முன்பு பனி கொட்டியபோது, சோலாங்குக்கும் டனலுக்கும் நடுவே சுமார் ஆயிரம் வண்டிகள் மாட்டிக்கொண்டன. நூற்றுக்கணக்கான சுற்றுலாப் பயணிகளை போலீஸ் மீட்க வேண்டியிருந்தது. இப்படிப்பட்ட நாட்களில் மணாலியைத் தாண்டி ஃபோர் வீல் டிரைவ் வண்டிகளையும், டயரில் சங்கிலி கட்டிய வண்டிகளையும் மட்டும் விடுவது அங்கே வழக்கம். பனி அதிகமானால் அதுவும் கிடையாது, மொத்தமாக மூடிவிடுவார்கள்.

ரோதாங் கணவாய்க்குத்தான் பெர்மிட் தேவை. டனல் வழியாகப் போக அது வேண்டாம். சமீப ஆண்டுகளில் ஜனவரி பிற்பாதியிலிருந்து பிப்ரவரி முடியும்வரை உள்ளூர்ப் பண்டிகைகளுக்காக சிஸ்ஸு மக்கள் சுற்றுலாவை நிறுத்தி வைத்ததும் உண்டு. ரூம் புக் பண்ணுவதற்கு முன்னாடி இதையும் விசாரிச்சுக்கோங்க.

டயர்: எல்லாமே இங்கதான் ஆரம்பம்

டயர் ரப்பர் குளிரில் இறுகும். நாம் சாதாரணமாகப் பயன்படுத்தும் டயர்கள் 7 டிகிரிக்குக் கீழே போனதும் விறைக்க ஆரம்பிக்கும். விறைத்த ரப்பர் ரோட்டைப் பிடிக்காது, வழுக்கும். அதனால்தான் ஐரோப்பாவில் குளிர்காலத்துக்குத் தனி டயர் மாட்டுகிறார்கள். அந்த டயரின் பக்கவாட்டில் மூன்று சிகரம் கொண்ட மலையும் அதற்குள் ஒரு பனித்துகளும் முத்திரையாக இருக்கும். நம்ம ஊர்க் கடைகளில் அந்த டயர் சுலபமாகக் கிடைக்காது. கிடைத்தாலும் ஒரு வார டிரிப்புக்காக நாலு டயர் வாங்குவது கட்டுப்படி ஆகாது.

அப்போ என்ன பண்ணலாம்?

முதலில் டிரெட் ஆழம். சட்டப்படி 1.6 மில்லிமீட்டர் இருந்தால் போதும். ஆனா, அது காய்ந்த ரோட்டுக்கான கணக்கு. பனியைக் கவ்விப் பிடிக்க டயரில் பள்ளம் வேணும். ஆஸ்திரியாவில் விண்டர் டயருக்கே குறைந்தபட்சம் 4 மில்லிமீட்டர் இருக்கணும்னு சட்டம். உங்கள் டயர் அதைவிடத் தேய்ந்திருந்தால், டிரிப்புக்கு முன்பே மாத்திடுங்க. எப்படியும் ஆறு மாதத்தில் மாற்றப்போகும் டயரை இப்பவே மாற்றுவதில் நஷ்டம் இல்லை. டயரின் வயதையும் பாருங்க. பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும். 2319 என்றால், 2019-ம் ஆண்டின் 23-வது வாரம் தயாரானது. டிரெட் நல்லா இருந்தாலும், பழைய ரப்பர் இன்னும் விறைப்பா இருக்கும்.

அடுத்து காற்று. வெப்பநிலை ஒவ்வொரு 5-6 டிகிரி குறையும்போதும் சுமார் 1 பி.எஸ்.ஐ குறையும். சென்னையில் 30 டிகிரியில் காற்று பிடித்துவிட்டு மைனஸ் 5 டிகிரியில் நின்றால், கணக்குப்படி 6 பி.எஸ்.ஐ காணாமல் போயிருக்கும். மலை ஏற ஏற வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் கேஜ் ரீடிங் கொஞ்சம் கூடவும் செய்யும். இரண்டும் எதிரெதிராக இழுப்பதால் மனக்கணக்கு போட வேண்டாம். மணாலியில் காலையில், வண்டியை ஓட்டுவதற்கு முன்னால் அளந்து, டிரைவர் கதவு ஓரம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் என்ன இருக்கோ அதுக்குச் சரிபண்ணுங்க. இதுக்காக ஒரு சின்ன கேஜும், 12 வோல்ட் பம்ப்பும் டிக்கியில் இருக்கணும்.

'காத்தைக் குறைச்சா கிரிப் வரும்'னு யாராவது சொன்னால் காதில் வாங்காதீங்க. அது மணலுக்கும் ஆழமான தளர்ந்த பனிக்கும் சரி. இறுகின ஐஸில் பலன் இருக்காது.

சங்கிலி: வாங்கினா போதாது, கட்டிப் பழகணும்

பனிச் சங்கிலியை என்ஜின் சுழற்றும் சக்கரங்களில் கட்டணும். ஸ்விஃப்ட், ஐ20, நெக்ஸான், கிரெட்டா போன்றவை முன்சக்கர டிரைவ். சங்கிலி முன்பக்கம். பொலேரோ, இன்னோவா கிரிஸ்டா போன்றவற்றில் பின்சக்கரம். பார்க்கப் பெரிசா இருக்கும் எல்லா எஸ்.யூ.வி-யும் ஃபோர் வீல் டிரைவ் இல்லை. தாரிலேயே பின்சக்கர டிரைவ் மட்டும் உள்ள மாடல் இருக்கு. செக்போஸ்ட்டில் நின்று தெரிஞ்சுக்கிறதைவிட, ஆர்.சி-யையும் மேனுவலையும் வீட்டிலேயே எடுத்துப் பாருங்க.

சங்கிலி வாங்கும்போது டயரின் பக்கவாட்டில் உள்ள அளவைச் சொல்லி வாங்கணும். 'எல்லாத்துக்கும் செட் ஆகும்'னு சொல்வதை நம்ப வேண்டாம். சில கார்களில் டயருக்கும் சஸ்பென்ஷனுக்கும் நடுவே இடைவெளி குறைவாக இருக்கும். அந்த மாடல்களுக்குச் சங்கிலியே கூடாது என்று மேனுவலில் போட்டிருப்பார்கள். பெரிய அலாய் போட்டு மாற்றியிருந்தால் இன்னும் கவனம். மணாலியில் சங்கிலியை விற்கிறவர்களும் வாடகைக்குத் தருகிறவர்களும் இருக்காங்க. ஆனா, பனி கொட்டும் நாளில் உங்க அளவு கிடைக்குமா என்பது அதிர்ஷ்டம்.

வாங்கியதும் வீட்டு வாசலிலேயே இரண்டு தடவை கட்டிப் பாருங்க. சிரிக்கிறவங்க சிரிக்கட்டும். மைனஸில், கை விறைத்து, பின்னால் பத்து வண்டி ஹாரன் அடிக்கும்போது முதல்முறையாகக் கட்டுவது எப்படி இருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. கட்டிய பிறகு கொஞ்ச தூரம் மெதுவா ஓட்டி, இறங்கி மறுபடி இறுக்கணும். சங்கிலியோடு வேகம் 30 கிலோமீட்டரைத் தாண்ட வேண்டாம். தார் ரோடு தெரிய ஆரம்பித்ததும் கழட்டிடணும். இல்லையென்றால் சங்கிலியும் அறுந்து, அறுந்த முனை சக்கர வளைவையும் பிரேக் குழாயையும் பதம் பார்த்துடும்.

கூலன்ட்: 'சும்மா தண்ணி ஊத்திக்கலாம்' இங்க செல்லாது

நம்ம ஊரில் கூலன்ட் குறைந்தால் பாட்டில் தண்ணியை ஊற்றிவிட்டுப் போய்க்கிட்டே இருப்போம். வெயிலில் அது ஓடிடும். குளிரில் ஓடாது. தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவிகிதம் விரியும். ரேடியேட்டருக்குள், என்ஜின் பிளாக்குக்குள் விரிய இடம் எங்கே இருக்கு? இரவு ஹோட்டல் வாசலில் நிறுத்திய கார், காலையில் விரிசல் விட்ட என்ஜினோடு நிற்கும்.

கூலன்ட் என்பது பெரும்பாலும் எத்திலீன் கிளைக்கால். அதையும் தண்ணீரையும் பாதிக்குப் பாதி கலந்தால், மைனஸ் 37 டிகிரி வரை உறையாது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. 'நிறைய ஊத்தினா நல்லது'ன்னு தண்ணியே கலக்காமல் கூலன்ட்டை மட்டும் ஊற்றினால், அது மைனஸ் 12-13 டிகிரியிலேயே உறைய ஆரம்பிக்கும். இரண்டும் சேர்ந்தால்தான் பலம். ரெடிமிக்ஸ் வாங்கினால் அப்படியே ஊத்துங்க. கான்சென்ட்ரேட் என்றால் டிஸ்டில்டு வாட்டர் கலந்து ஊத்துங்க.

இப்போ உங்க காரில் இருக்கிற கலவை என்ன விகிதம்னு கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. சர்வீஸ் சென்டரில் ரிஃப்ராக்டோமீட்டர் அல்லது ஹைட்ரோமீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்க. இரண்டு நிமிட வேலை. பல வருஷமாகத் தண்ணி ஊற்றியே ஓட்டின வண்டி என்றால், மொத்தமாக வடித்துவிட்டுப் புதுசா நிரப்புவதே நல்லது. என்ஜின் சூடா இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீங்க.

பேட்டரி: வெயில் கெடுக்கும், குளிர் காட்டிக்கொடுக்கும்

பேட்டரியின் ஆயுளைக் குறைப்பது உண்மையில் வெயில்தான். ஆனா, வெயிலில் அது வெளியே தெரியாது. குளிரில் போய் நிற்கும்போதுதான் குட்டு உடையும். உறைநிலையில் பேட்டரியின் பலம் மூன்றில் ஒரு பங்கு குறையும். மைனஸ் 18 டிகிரியில் பாதிக்கு மேல் போயிடும் என்கிறது அமெரிக்காவின் கார் ஓட்டுநர் சங்கமான 'ஏ.ஏ.ஏ'. அதே நேரம், குளிரில் ஆயில் கெட்டியாவதால் என்ஜினைச் சுழற்றக் கூடுதல் பலமும் தேவைப்படும். வரவு குறைஞ்சு செலவு கூடும் நேரம் அது.

இரவு முழுக்க நின்ற வண்டியில் வோல்ட் பார்க்கச் சொல்லுங்க. 12.6 இருந்தால் முழு சார்ஜ். 12.2 என்றால் பாதிதான் இருக்கு. அதோடு லோடு டெஸ்ட்டும் செய்யணும். மூன்று, நான்கு வருஷமான பேட்டரி அதில் தள்ளாடினால், மாற்றிவிட்டுக் கிளம்புங்க. டெர்மினலில் வெள்ளை, பச்சைப் பூப்பு இருந்தால் சுத்தம் செய்யச் சொல்லுங்க. சார்ஜ் இறங்கிய பேட்டரி உள்ளே உறைஞ்சும் போகும். அப்படி வீங்கின பேட்டரிக்கு ஜம்ப் ஸ்டார்ட் கொடுக்கவே கூடாது.

ஜம்பர் கேபிள் கொடுக்கும் வரிசையைத் தெரிஞ்சு வெச்சுக்கோங்க. சிவப்பு முதலில் செத்த பேட்டரியின் பிளஸ், பிறகு நல்ல பேட்டரியின் பிளஸ். கறுப்பு முதலில் நல்ல பேட்டரியின் மைனஸ், கடைசி முனை செத்த வண்டியின் என்ஜினில் பெயின்ட் இல்லாத இரும்புப் பகுதி. பேட்டரியின் மைனஸில் இல்லை.

டீசல் வண்டியா? இதைக் கட்டாயம் படிங்க

பெட்ரோல் கார்க்காரர்கள் இதில் தப்பிச்சாங்க. டீசலில் மெழுகு இருக்கு. குளிர் ஏற ஏற அந்த மெழுகு துகள் துகளாகத் திரண்டு ஃபில்டரை அடைக்கும். வண்டி ஸ்டார்ட் ஆகாது, அல்லது கொஞ்ச தூரம் ஓடி நிற்கும். இந்தியத் தர நிர்ணயப்படி, டீசல் ஓடும் தன்மையை இழக்கும் வெப்பநிலை கோடையில் 15 டிகிரிக்கும், குளிர்காலத்தில் 3 டிகிரிக்கும் மேல் போகக் கூடாது. அதாவது, 'குளிர்கால' வரம்புகூட மைனஸ் 10-க்கு உத்தரவாதம் தரவில்லை.

இதற்காகத்தான் லடாக் போன்ற உயரப் பகுதிகளுக்கு மைனஸ் 33 டிகிரி வரை உறையாத டீசலை 2019 நவம்பரில் இந்தியன் ஆயில் அறிமுகப்படுத்தியது. நீங்க செய்ய வேண்டியது இதுதான்: சமவெளியில் போட்ட டீசலை முடிந்தவரை குறைத்துக்கொண்டு, மலைப்பகுதி பங்க்கில் குளிர்கால டீசல் இருக்கிறதா என்று கேட்டு டேங்க்கை நிரப்புங்க. ஃபில்டரில் தங்கிய தண்ணீரை வடிகட்டிவிட்டுக் கிளம்புங்க. ஆன்ட்டி-ஜெல் திரவம் ஊற்றுவதாக இருந்தால், பி.எஸ்-6 வண்டிக்கு ஏற்றதா என்று பாருங்க. டீசல் கெட்டியாவதற்கு முன்பே ஊற்றணும், கெட்டியான பிறகு ஊற்றிப் பலன் இல்லை.

மலையில் பழைய டிரைவர்கள் டீசலில் மண்ணெண்ணெய் கலப்பதையும், டேங்க்குக்குக் கீழே தீ மூட்டுவதையும் சொல்வாங்க. பி.எஸ்-6 என்ஜினின் நுணுக்கமான பாகங்களுக்கு முதலாவது ஆகாது. இரண்டாவது யாருக்குமே ஆகாது. ஆட்ப்ளூ ஊற்றும் வண்டி என்றால், அது மைனஸ் 11 டிகிரியில் உறையும். காரிலேயே அதைச் சூடாக்க ஹீட்டர் உண்டு. ஸ்பேர் கேனை மட்டும் ரூமுக்குள் வைங்க.

பெட்ரோலோ டீசலோ, டேங்க் பாதிக்குக் கீழே இறங்க விடாதீங்க. மாட்டிக்கிட்டா அதுதான் உங்க வெதுவெதுப்பு.

என்ஜின் ஆயிலில் 5டபிள்யூ-30 என்று எழுதியிருக்கும். அந்த டபிள்யூ என்பது விண்டர். அதற்கு முன்னால் உள்ள எண் குறையக் குறைய, குளிரில் ஆயில் சீக்கிரம் பாயும். பழைய டீசல் வண்டியில் 15டபிள்யூ-40 இருந்தால், குளிருக்கு என்ன கிரேடு என்று மேனுவலைப் பார்த்து, அடுத்த சர்வீஸை டிரிப்புக்கு முன்னாடியே முடிச்சிடுங்க.

கண்ணாடியும் ஹீட்டரும்

நம்மில் பலர் காரில் ஹீட்டரைப் போட்டே இருக்க மாட்டோம். கிளம்பும் முன் பத்து நிமிஷம் ஓட விட்டுப் பாருங்க. சூடு வரலையா, ஒரே நாற்றமா, மெக்கானிக்கிட்ட காட்டுங்க. பின்கண்ணாடி டிஃபாகர் வேலை செய்யுதான்னும் பார்த்துடுங்க.

வைப்பரின் ரப்பர் வெயிலில் காய்ந்து கீறல் விட்டிருக்கும். புதுசு மாத்துங்க. வாஷர் டேங்க்கில் இருப்பது வெறும் தண்ணீர் என்றால் அது உறைஞ்சு பம்ப்பையே கெடுக்கும். குளிர்காலத்துக்கான வாஷர் திரவம் மாற்றி, குழாய்க்குள் அது வரும்வரை அடித்துவிடுங்க. இரவு நிறுத்தும்போது வைப்பரைத் தூக்கி வைங்க, இல்லேன்னா கண்ணாடியோடு ஒட்டிக்கும்.

காலையில் கண்ணாடியில் ஐஸ் படிந்திருந்தால், சுடுதண்ணி ஊத்தாதீங்க. கண்ணாடி விரிசல் விட்டுடும். பிளாஸ்டிக் ஸ்கிரேப்பர் வைத்துச் சுரண்டுங்க. கண்ணாடியில் மட்டும் ஒரு ஓட்டை போட்டுக்கொண்டு ஓட்டாமல், கூரைமேல் உள்ள பனியையும் தள்ளிடுங்க. முதல் பிரேக்கில் அது மொத்தமும் சரிந்து முன்கண்ணாடியை மூடும். உள்ளே ஆவி படர்ந்தால் ஏ.சி-யையும் சூட்டையும் சேர்த்துப் போட்டு, ரீசர்குலேஷனை ஆஃப் பண்ணுங்க.

இரவு பார்க்கிங்

ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டுத் தூங்கப் போனால், ஈரமான பிரேக் ஷூ உறைந்து ஒட்டிக்கும். மலையில் சமதளமான இடமாகப் பார்த்து நிறுத்தி, முதல் கியரில் போட்டு - ஆட்டோமேட்டிக் என்றால் 'பி' - சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் வைங்க. உள்ளூர் டிரைவர்கள் செய்வது இதைத்தான். எலெக்ட்ரானிக் பார்க்கிங் பிரேக் உள்ள கார்களில் அது தானாக இறுகாமல் இருக்க என்ன செய்யணும்னு மேனுவலில் இருக்கும்.

இ.வி வெச்சிருக்கீங்களா?

குளிரில் பேட்டரி ரேஞ்ச் குறையும், சார்ஜும் மெதுவாகத்தான் ஏறும். கேபினைச் சூடாக்கவும் அதே பேட்டரிதான். அதனால் ஸ்கிரீன் காட்டும் கிலோமீட்டரை மலையில் அப்படியே நம்பாதீங்க. சார்ஜரில் மாட்டியிருக்கும்போதே கேபினைச் சூடாக்கிக்கோங்க. ஹீட்டரைவிட சீட் வார்மர் குறைவாகச் செலவழிக்கும். தங்கும் இடத்தில் சார்ஜிங் இருக்கான்னு உறுதி பண்ணிக்கிட்டு, வழியில் இருக்கிற சார்ஜரை நம்பி மேலே ஏறாதீங்க.

டிக்கியில் என்னவெல்லாம் இருக்கணும்?

* சங்கிலி, ரப்பர் கையுறை, முழங்காலுக்கு ஒரு மேட்
* சின்ன மண்வெட்டி, ஒரு பை மணல் (சக்கரம் சுழன்றால் அடியில் தூவ)
* இழுக்கும் கயிறு, காரோடு வந்த டோ ஹூக்
* ஜம்பர் கேபிள், டயர் பம்ப், கேஜ்
* ஹெட் டார்ச், எச்சரிக்கை முக்கோணம்
* ஆளுக்கொரு கம்பளி, கூடுதல் சாக்ஸ், கையுறை
* ஃபிளாஸ்க்கில் சூடான தண்ணீர், கடலை மிட்டாய், பேரீச்சை, பிஸ்கட்
* முதலுதவிப் பெட்டி, தினசரி மாத்திரைகள்
* முழு சார்ஜில் பவர்பேங்க், டவுன்லோடு செய்த மேப்

குளிரில் போன் பேட்டரியும் சட்டென்று படுத்துடும். டேஷ்போர்டில் வைக்காமல் உள்சட்டைப் பையில் வைங்க.

பனியில் ஓட்டுவது எப்படி?

காய்ந்த ரோட்டில் நிற்க எடுக்கும் தூரத்தைப்போல பத்து மடங்கு வரை ஐஸில் தேவைப்படலாம் என்று எச்சரிக்கிறது பிரிட்டனின் 'ஹைவே கோட்'. ஃபோர் வீல் டிரைவ் வண்டி மேலே ஏற உதவும், வழுக்காமல் கிளம்ப உதவும். நிற்பதற்கு அது உதவாது. பிரேக் போடும்போது எல்லா காருக்கும் நாலு டயர்தான். பனியில் பள்ளத்தில் இறங்கும் வண்டிகளில் விலையுயர்ந்த எஸ்.யூ.வி-க்களும் இருப்பதற்கு இதுதான் காரணம்.

மேனுவல் கார் என்றால், இரண்டாவது கியரில் மெதுவாகக் கிளப்புங்க. ஆக்ஸிலரேட்டர், பிரேக், ஸ்டீயரிங் மூன்றையும் பூப்போல. இறக்கத்தில் முன்கூட்டியே கியரைக் குறைத்து, என்ஜின் பிரேக்கிங்கில் இறங்குங்க. ஆட்டோமேட்டிக்கில் 'எல்' அல்லது மேனுவல் மோட் இருந்தால் அதைப் பயன்படுத்துங்க. வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைச்சுடணும், வளைவுக்குள் பிரேக் கூடாது. ஏ.பி.எஸ் வேலை செய்யும்போது பெடல் கடகடன்னு அதிரும். பயந்து காலை எடுக்காதீங்க, அழுத்தமாகவே பிடிங்க. வண்டி வழுக்கினால், போக வேண்டிய திசையைப் பார்த்து மெதுவாக ஸ்டீயரிங்கைத் திருப்புங்க.

வெள்ளையா தெரியும் பனியைவிட ஆபத்தானது, கண்ணுக்கே தெரியாத பிளாக் ஐஸ். ஈரமான தார் ரோடு மாதிரியே இருக்கும். நிழல் விழும் வளைவு, பாலம், மலையிலிருந்து தண்ணீர் வழியும் இடம் எல்லாம் அதன் வீடு. டனலுக்குள் காய்ந்த ரோட்டில் வந்த வேகத்தோடு வெளியே போனால், அங்கே ஐஸ் காத்திருக்கலாம். டனல் முடிவதற்கு முன்பே வேகத்தைக் குறைங்க. பகலில் உருகின பனி, சூரியன் சாய்ந்ததும் கண்ணாடியாக இறுகும். அதனால் காலை 10 மணிக்குப் பிறகு ஏறி, மதியம் 3 மணிக்குள் கீழே இறங்குவதுபோல பிளான் பண்ணுங்க. மலைப்பாதையில் மேலே ஏறும் வண்டிக்குத்தான் முன்னுரிமை. பனியில் ஏற்றத்தில் நின்றுவிட்டால், மறுபடி கிளப்புவது கஷ்டம். வழி விடுங்க.

மாட்டிக்கிட்டா?

இதுதான் இந்தக் கட்டுரையிலேயே முக்கியமான பகுதி.

2022 ஜனவரியில் பாகிஸ்தானின் மர்ரீ என்ற மலை நகரில், பனியைப் பார்க்கக் குவிந்தவர்களின் கார்கள் கடும் பனிப்பொழிவில் இரவு முழுக்கச் சிக்கிக்கொண்டன. குழந்தைகள் உட்பட 20-க்கும் அதிகமானோர் தங்கள் கார்களுக்குள்ளேயே இறந்துபோனார்கள். குளிரோடு சேர்த்து, கார்பன் மோனாக்சைடும் காரணமாகச் சொல்லப்பட்டது. அவர்களும் நம்மைப்போல வார இறுதிக்குப் பனி பார்க்க வந்தவர்கள்தான்.

நடப்பது இதுதான். வண்டி நிற்கிறது. குளிருக்காக என்ஜினை ஓடவிட்டு, கண்ணாடிகளை ஏற்றிவிட்டுத் தூங்குகிறார்கள். வெளியே பனி ஏறி சைலன்ஸர் வாயை மூடுகிறது. புகை வெளியேற வழியில்லாமல் காருக்குள் வருகிறது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலைவலி, தலைசுற்றல், தூக்கம். அந்தத் தூக்கத்திலிருந்து எழுந்திருக்க மாட்டார்கள்.

அதனால் மாட்டிக்கொண்டால்:

* முதலில் இறங்கி சைலன்ஸர் வாயைச் சுற்றி உள்ள பனியைத் தள்ளுங்க. ஒவ்வொரு முறை என்ஜின் போடுவதற்கு முன்பும் இதைச் செய்யணும்.
* மணிக்குப் பத்து நிமிஷம் மட்டும் என்ஜினை ஓடவிட்டு, ஹீட்டர் போடுங்க. அப்போது காற்று அடிக்காத பக்கத்துக் கண்ணாடியை ஓர் அங்குலம் இறக்கி வைங்க.
* என்ஜின் ஓடும்போது எல்லோரும் தூங்கக் கூடாது. ஒருவர் முழிச்சிருக்கணும்.
* காருக்குள் கரி அடுப்பு, கேஸ் அடுப்பு எதுவும் பற்ற வைக்காதீங்க.
* வெள்ளை இருட்டில் காரை விட்டு நடந்து போகாதீங்க. காரை மீட்புக் குழுவால் கண்டுபிடிக்க முடியும். தனியாக நடக்கிறவரைக் கண்டுபிடிப்பது கஷ்டம்.
* 112-க்கு அழையுங்க. மாவட்டப் பேரிடர் உதவி எண் 1077. ரோட்டோரம் இருக்கும் கிலோமீட்டர் கல்லைப் பார்த்துவிட்டு அழைத்தால், இடம் சொல்லச் சுலபம்.
* வண்டியை ரோட்டின் குறுக்கே விட்டுடாதீங்க. பனி அள்ளும் இயந்திரம் வர அதுதான் வழி.

எப்போ போகக் கூடாது?

இந்திய வானிலை ஆய்வு மையம் மாவட்டவாரியாக மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கை விடும். வட இந்தியாவில் குளிர்கால மழையையும் பனியையும் கொண்டுவருவது, மேற்கிலிருந்து வரும் 'வெஸ்டர்ன் டிஸ்டர்பன்ஸ்' என்ற காற்றமைப்பு. அது வருவது சில நாட்களுக்கு முன்பே தெரிஞ்சுடும். ஆரஞ்சோ சிவப்போ இருந்தால், அந்த நாளில் மணாலியிலேயே இருங்க. பனிச்சரிவு எச்சரிக்கை தனியாக வரும், சண்டிகரில் உள்ள டி.ஆர்.டி.ஓ-வின் ஆய்வு மையம் அதைக் கணிக்கிறது. போலீஸ் தடுத்து நிறுத்தினால், 'பத்து நிமிஷத்துல வந்துடுறோம் சார்'னு கெஞ்ச வேண்டாம். அவர்களுக்கு அந்த மலை தெரியும்.

ரிட்டர்ன் டிக்கெட், திங்கட்கிழமை ஆபீஸ் என்று இறுக்கமாக பிளான் போட்டால்தான் ரிஸ்க் எடுக்கத் தோன்றும். கையில் இரண்டு நாள் கூடுதலா வெச்சுக்கோங்க. ரூம் வாடகையில் கொஞ்சம் போகும், அவ்வளவுதான்.

பனியில் இதுவரை ஓட்டியதே இல்லை என்றால், இன்னொரு வழியும் இருக்கு. மணாலி வரை உங்க காரில் போங்க. அங்கிருந்து மேலே உள்ளூர் டாக்ஸியில் போங்க. வளைவு எது, ஐஸ் எங்கே, எப்போ திரும்பணும் என்பதெல்லாம் அந்த டிரைவருக்கு அத்துப்படி. நீங்க ஜன்னலோரம் உட்கார்ந்து நிம்மதியா பனியைப் பார்க்கலாம். டிரைவர் சீட்டில் இருக்கிறவருக்குத்தான் பனியை ரசிக்கவே நேரம் இருக்காது.

கிளம்பும் முன் ஒரு ரவுண்டு

*இரண்டு வாரம் முன்பு:* டயர் ஆழம், டயர் வயது, கூலன்ட் விகிதம், பேட்டரி லோடு டெஸ்ட், என்ஜின் ஆயில், பிரேக், ஹீட்டர். சங்கிலி வாங்கி, கட்டிப் பழகுதல்.

*இரண்டு நாள் முன்பு:* வாஷர் திரவம், வைப்பர், எல்லா லைட்டும், டிக்கி லிஸ்ட். இன்ஷூரன்ஸில் ரோட்சைடு அசிஸ்டன்ஸ் இருக்கா, அது மலையில் வருமா என்று போன் போட்டுக் கேட்டுக்கோங்க. வாடகை கார் என்றால், பனியில் ஓட்ட அனுமதி உண்டா என்று ஒப்பந்தத்தைப் படிங்க.

*மலை ஏறும் காலையில்:* வானிலை எச்சரிக்கை, ரோடு திறந்திருக்கா, டயர் காற்று, டேங்க், கூரையில் பனி. எந்த ரூட், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று வீட்டிலோ ஹோட்டலிலோ ஒருவரிடம் சொல்லிடுங்க.

*திரும்பி வந்ததும்:* அடிப்பாகத்தை நல்லா தண்ணீர் அடித்துக் கழுவச் சொல்லுங்க. மலையின் சேறும் ரோட்டில் தூவிய உப்பும் ஒட்டிக்கொண்டிருந்தால், நம்ம கடற்கரைக் காற்றோடு சேர்ந்து துரு சீக்கிரம் வந்துடும்.